சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். கோப்பைதான் மட்டம். குடித்து முடித்ததும் நான் அதைக் கவிழ்த்துப் பார்த்ததை உங்கள் ஏட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கு அது பழக்கம். அடியில் ஒரு முத்திரையும் இல்லை. செய்தவனுக்கே பேர் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்திருக்கும்.

கேட்டீர்கள், சொல்கிறேன். பெயர் தைரியநாதன். பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்க்கும் லேபில் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். பெர்மனென்ட். ரிட்டயர் ஆக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருக்கிறேன். மனைவி கிளம்பிப்போய் ஒன்பது வருஷமாகிறது. "பாத்திரத்தோடவே குடித்தனம் நடத்துங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நடத்துகிறேன். ஒரு குறையும் இல்லை.

நான் சேர்ப்பது பழைய வெள்ளி, பழைய பீங்கான். டவுன்ஷிப்பில் இதைப் புரிந்துகொண்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்து, "எல்லாம் நல்லா பளபளன்னு இருக்கே சார்" என்பார்கள். பளபளப்பைப் பார்க்க எவர்சில்வர் கடைக்குப் போகலாமே. சாமானைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் வெள்ளியென்றால் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரை இருக்கும். நடக்கிற சிங்கம் இருந்தால் அசல் வெள்ளி. சிறுத்தையின் முகம் இருந்தால் லண்டன். ஒற்றை எழுத்து, செய்த வருஷம். ராணியின் தலை, வரி கட்டியாயிற்று என்பதற்கு. கடைசியாகச் செய்தவனின் இரண்டு எழுத்து. ஒரு மிளகளவு இடத்தில் ஒரு சாமானின் ஜாதகமே இருக்கிறது. பீங்கானும் அப்படித்தான். அடியில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் ஒரு காலம், அந்த நாட்டில் செய்தது என்று நீட்டி எழுதியிருந்தால் அதற்குப் பிந்திய காலம். இவ்வளவையும் நான் சொல்லிக் கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவன் கொட்டாவி விடுவான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

வளையமாதேவியில் நிலம் மைன்ஸுக்குப் போன பிறகு ஒரு வீட்டில் சாமான் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகி என்று ஒரு அம்மாள். கொல்லையில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது எதில் தெரியுமா? நீலப் பூப்போட்ட, நூற்றைம்பது வருஷத்து சூப் பாத்திரத்தில். எந்தத் துரை வீட்டிலிருந்து எப்படி அங்கே வந்ததோ. நான் ஒரு புது பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக் கொடுத்து எடுத்துக்கொண்டேன். "பைத்தியக்கார ஆளா இருக்காரு, ஒடைஞ்ச சட்டிக்கி பக்கெட்டு குடுத்துட்டு போறாரு" என்று நான் தெருமுனை திரும்புவதற்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் அந்தக் கோழியைக்கூட மன்னிப்பேன். பேர் வெட்டுகிறவர்களை மன்னிக்க மாட்டேன். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி, மேடம். ஒரு டம்ளர் வாங்கினால் போதும், பாத்திரக்கடைக்காரன் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பான். உடனே தாத்தா பேர், பேத்தி பேர், சீமந்தம், காதுகுத்து, தேதி, அன்பளிப்பு. சின்ன மிஷினை வைத்து விர்ரென்று கீறித் தள்ளுவான். பெயரைக் கீறாவிட்டால் கொடுத்தவனை மறந்துவிடுவார்களாம். பெரிய கொடை வள்ளல்கள். எத்தனை நல்ல வெள்ளி இப்படி நாசமாகியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

லூசியம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

எனக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். கேண்டீனில் வேலை. புருஷன் கிளமென்ட் மண் வெட்டும் ராட்சத மிஷினில் ஆபரேட்டராக இருந்து செத்தவர். வாரிசு வேலையாகத்தான் இவளுக்கு இது கிடைத்தது. ஒரே மகள் ஏஞ்சலின், சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. லூசியம்மாள் நல்லவள்தான். நல்லவர்களிடம் பேசுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது. என்னைவிட ஒரு வயசு மூத்தவள், ஆனாலும் என்னை "அண்ணே அண்ணே" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குழம்பு கொடுத்தனுப்புவாள். உப்பு தூக்கலாக இருக்கும்.

அவள் சமையலறை அலமாரித் தட்டில்தான் அந்தக் கிண்ணம் இருந்தது. மாமியார் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் சமைத்தவராம். பாதிரியாரின் மனைவி, அந்தத் துரைசானி, கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் அதைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் பார்த்தேன். ஐந்து முத்திரையும் நேற்று அடித்தது போல இருந்தன. தட்டைக் கொடுக்க மறந்து அதையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கல்யாணத்தன்றுகூட அப்படித் தடுமாறியதில்லை.

அதில் அவள் சர்க்கரை போட்டு வைத்திருந்தாள். சரி, அது சர்க்கரைக் கிண்ணம்தான். ஆனால் அவள் போட்டு வைத்திருந்தது அதற்காக அல்ல. இன்சுலின் போடுகிறவள், சில சமயம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எனக்கே சொல்லிக் கொடுத்திருந்தாள்: "நான் வேத்து ஊத்திகினு ஒளற ஆரம்பிச்சேன்னா, அந்த கிண்ணத்துலேர்ந்து ஒரு கை அள்ளி வாயில போட்டுருங்கண்ணே. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்." மூன்று தடவை போட்டிருக்கிறேன். கால் மணியில் எழுந்து உட்கார்ந்து எனக்கே காபி போட்டுக் கொடுத்தாள். ஆகவே எனக்கு விஷயம் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கிண்ணத்தை எத்தனையோ தடவை கேட்டேன். பதிலுக்கு எவர்சில்வர் செட் தருகிறேன், மிக்ஸி தருகிறேன் என்றேன். "மாமியார் குடுத்ததுண்ணே, எப்பிடி குடுக்கறது" என்று சிரிப்பாள். அதன் வயது என்ன என்றுகூடக் கேட்டதில்லை. குரங்கு கையில் பூமாலை.

போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவளுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு மகளிடம் போவதாக ஏற்பாடு. டவுன்ஷிப்பில் ஒரு வீடு காலியாகும்போது பார்த்திருப்பீர்கள். பாதி சாமான் அக்கம்பக்கத்துக்கு, மீதி காயலான் கடைக்கு. இருபத்தாறாம் தேதி அந்தக் கிண்ணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் பஜாருக்குக் கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன். "ஒரு வேல இருக்குண்ணே, அப்புறம் சொல்றேன்" என்று ஒரு சிரிப்பு. பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது என்று அவள் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. உருக்கிக் கொலுசு பண்ணப்போகிறாள் என்று முடிவு செய்தேன். நூற்று எழுபது வருஷத்துக் கிண்ணம், ஒரு வயசுக் குழந்தையின் காலில் ஜிங்கு ஜிங்கென்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தெட்டாம் தேதி பகல் இரண்டு மணி இருக்கும். சாமான் கட்ட ஒத்தாசைக்கு வரச்சொல்லியிருந்தாள். போனேன். அவள் ஹாலில் பழைய பேப்பர் கட்டுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் தெப்பலாக நனைந்திருந்தது. காலையில் ஊசி போட்டிருக்கிறாள், மூட்டை கட்டும் அவசரத்தில் சாப்பிடவில்லை. "அண்ணே... சக்கர..." என்றாள்.

சமையலறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கட்டிவிட்டிருந்தாள். தட்டில் அந்தக் கிண்ணம் மட்டும் இருந்தது, சர்க்கரையோடு. அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, மேடம்? உருக்கவில்லை. முழுசாக இருக்கிறது.

நேற்று உங்களிடம் சொன்னது இதுதான்: முத்திரைகள் சேதமாகாமல் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்க்க நினைத்தேன். லென்ஸ் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் கவிழ்க்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்ப்பது அரைகுறைகள் செய்கிற வேலை. ஆகவே சர்க்கரையைப் பேப்பரில் கொட்டினேன். தரையில் கொட்டவில்லை, பேப்பரில்தான். பார்த்து முடித்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஏஞ்சலின் போன் பண்ணி, "மாமா, அம்மா போன எடுக்க மாட்டேங்குறாங்க, கொஞ்சம் போய் பாருங்களேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அடக்கத்தன்று சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்ததும் நான்தான்.

அந்தச் சர்க்கரையா? பொட்டலமாக மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். இரண்டு நாள் காபிக்கு ஆயிற்று. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

இன்று காலையில் பாத்திரக்கடை சிங்காரவேலுவைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த முட்டாள் என்னைப் பார்த்து அழுகிறான். என் அலமாரியிலிருந்து எடுத்த கிண்ணத்தையும் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அடியில் இருப்பதை நான் எப்போது பார்த்தேன், அவள் செத்த பிறகா, அதற்கு முன்னாலா என்பதுதானே உங்கள் கேள்வி? நல்ல கேள்வி. இந்த ஸ்டேஷனில் நீங்கள் ஒருவராவது ஒழுங்காகக் கேட்கிறீர்கள்.

முன்னால்.

தட்டிலிருந்து எடுக்கும்போதே விரலில் பட்டது. அந்த அடி வழவழவென்று இருக்க வேண்டும், எனக்குத் தெரியும். பிசிறு குத்தியது. அதோடுதான் ஹாலுக்கு வந்தேன். ஒரு கை சர்க்கரை என் உள்ளங்கையில்கூட இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். சர்க்கரை மொத்தத்தையும் பேப்பரில் கொட்டிவிட்டு ஜன்னலோரம் போய்க் கவிழ்த்துப் பார்த்தேன்.

'தைரியநாதன் அண்ணனுக்கு தங்கச்சி லூசி அன்பளிப்பு.' கீழே தேதி. இரண்டு வரி. முதல் வரி செய்தவனின் எழுத்தைத் தின்றுவிட்டது. இரண்டாவது வரி சிங்கத்தின் முதுகில் ஏறி ராணியின் முகத்தைக் கிழித்திருந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாக்கு குழறியது, ஆனாலும் சொன்னாள்: "மூணு வாட்டி... இதாலதான காப்பாத்துனீங்க... நீங்க எதையும் கவுத்துதான பாப்பீங்க... அதான் அடியில வெட்டச் சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பேரு சரியா இருக்காண்ணே?"

சிரிக்க வேறு செய்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. உலகத்தில் எவ்வளவோ இடமிருக்கிறது. பக்கத்தில் வெட்டலாம், விளிம்பில் வெட்டலாம், வெட்டாமலே கொடுக்கலாம். நான் பார்க்கிற அந்த ஒரே இடத்தைத் தேடிப் போய் நாசம் பண்ணியிருக்கிறாள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். லென்ஸை வைத்து எது மிஞ்சியிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தேன். சிறுத்தையின் முகம் தப்பியிருந்தது, வருஷ எழுத்தில் பாதி இருந்தது. அவள் கை பேப்பர் பக்கம் ஊர்ந்து வந்தது. பேப்பரைக் காலால் இந்தப் பக்கம் நகர்த்தினேன். ஒரு சாண்தான் இருக்கும். நாற்பது நிமிஷம் போல உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு, முன்கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் நான் சொன்னபடியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் செய்ததுதான்.

ஒரே ஒரு விஷயம், மேடம். கிண்ணத்தைத் திருடியதாக எஃப்.ஐ.ஆரில் போட்டிருக்கிறீர்கள். அது தப்பு, அதை அடித்துவிடுங்கள். நான் யார் சாமானையும் தொடுகிறவன் இல்லை. கவிழ்த்துப் பாருங்கள், அதில் என் பேர் வெட்டியிருக்கிறது. கேஸ் முடிந்ததும் அது எனக்குத்தான் வர வேண்டும்.