கத்தரீனாளின் மூன்றாம் இயல்

ஏலக்காய் போட்ட டீ எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் அஷ்ரஃப் சார். வெந்நீர் போதும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

ஆதிக் கிறிஸ்தவ ஆய்வில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது உள்ளங்கை அளவு பாப்பிரஸ், அதாவது பழங்கால நாணல்தாள், துண்டு ஒன்று. அதிலுள்ள கிரேக்க ஜெபம் இரண்டாம் நூற்றாண்டுடையது என்று ஒரு புத்தகம் எழுதினேன். முப்பது வருடமாக அந்த ஒரு புத்தகத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாராட்டியவர்களில் பாதிப் பேருக்குக் கிரேக்கம் தெரியாது. மீதிப் பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

கத்தரீனாள் என் ஆராய்ச்சி மாணவி. சூரியநெல்லியில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளின் மகள். அவளுக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு உடும்பஞ்சோலைக்கு, என் மனைவி வீட்டாரின் ஏலத்தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். வேலையாட்கள் யாரும் இல்லை. மழையில் நனைந்து வந்தாள்.

"சார், அந்தத் துண்டு ரெண்டாம் நூற்றாண்டு இல்ல, நாலு. எழுத்தே காட்டிக் குடுத்துருச்சு. எங்கம்மா கொழுந்தப் பாத்தே எந்த மலைன்னு சொல்லிரும்ல, அது மாதிரி."

"அப்ப என்ற புஸ்தகம் என்னாகும், கண்ணு?"

"அதுக்கும் ஒரு அடிக்குறிப்பு போட்டுருக்கேன் சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

துணி காயட்டும் என்று ஏலக்காய் உலர்த்தும் அறைக்குள் உட்காரச் சொன்னேன். அடுப்பு வெளியே இருக்கும். சூடு குழாய் வழியாக உள்ளே போகும். கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் மட்டும்தான். அதைப் போட்டேன். விறகு வைத்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு இயலைப் படிக்க ஆரம்பித்தேன். தட்டும் சத்தம் இருபதாம் பக்கம் வரை கேட்டது. இடையில் ஒரு முறை எழுந்து மறுபடியும் விறகு வைத்தேன். படித்து முடித்ததும் காகிதங்களை அவள் பையிலேயே வைத்தேன்.

துணி காய அவளே அடுப்பு மூட்டிவிட்டு உள்ளே போனாள், காற்றில் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது என்று உங்கள் ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களை ஏமாற்ற நான் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. அன்று பாலக்காட்டில் இருந்தேன் என்றேன், நம்பினார்கள். ஆனால் படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பமும் தேதியும் போடுவது ஆய்வு வழிகாட்டிகளின் வழக்கம். கை தானாகவே அன்றைய தேதியைப் போட்டிருக்கிறது, அறுபது பக்கத்திலும்.

அவள் சொன்னது சரிதான். நாலாம் நூற்றாண்டுதான். எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கடைசிப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். அதை அவள் அம்மாவிடம் காட்டுங்கள். வழிகாட்டி என்ற முறையில் நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.