ஓர் ஆட்டுக்காதும் ஒரு கையெழுத்தும்

வேகவைத்த ஆட்டுத் தலையில் காதுக்கு இணையான ருசி எதற்கும் இல்லை. கஜகஸ்தானில், எங்கள் கரகண்டா நகரில் அது குழந்தைகளுக்கு உரியது. பெரியவர் சொல் கேட்டு வளரட்டும் என்று அறுத்துக் கொடுப்போம்.

என் பணி ஓய்வு விருந்துக்கு நாற்பது ஆடுகளாவது விழுந்திருக்கும். சரி, இரண்டு. மூத்தவன் என்று தலை எனக்கு வந்திருக்க வேண்டும். மேலதிகாரி பெய்பித், என் மகன் வயதுக்காரன், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். காதை அறுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்க அகாய், பெரியவரே. இருபது வருஷமா தப்பு தப்புன்னு சொல்லி வாய் தேஞ்சிருக்கும். இனிமே காதை மட்டும் வச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உடன் வேலை செய்யும் சௌலேயின் ஆறு வயது மகள் தோமிரிஸ், "அப்ப எனக்கு?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நான் மென்று விழுங்கினேன்.

மறுநாள் என் கடைசி வேலை நாள். நகரத்து இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதே என் வேலை. ஆம்புலன்ஸ் தளத்தில் அன்று மாலை ஏறவிருந்த புதிய சான்றிதழை பெய்பித்தே தயாரித்திருந்தான். நடுவில் வர வேண்டிய இணைப்புச் சான்றிதழை விட்டுவிட்டான். அலுவலகக் கணினிகள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். வண்டிகளில் இருந்த பழைய டேப்லெட்டுகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தளம் திறக்காது, ஓட்டுநருக்கு முகவரி போகாது.

படிவத்தில் 'தளம் திறக்கிறதா?' என்றுதான் கேட்டிருந்தது. என் மேசையில் திறந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாயைத் திறக்கவில்லை.

மாலையில் பனிப்புயல். தோமிரிஸுக்கு மூச்சிரைப்பு. சௌலே ஆம்புலன்ஸுக்கு மூன்று முறை போன் செய்தாள். "அனுப்பியாச்சும்மா" என்றே மூன்று முறையும் பதில். வண்டி நகரவேயில்லை.

பெய்பித்தைப் பதவி இறக்கி, அவன் நாற்காலிக்கு என்னைத் திரும்ப அழைத்தார்கள். மறுபடி விருந்து. இம்முறை தலை எனக்கு. காதை அறுத்ததும், கை பழக்கத்தில் கூட்டத்திலேயே சின்னவளைத் தேடியது. கதவோரம் உட்கார்ந்திருந்த பெய்பித்திடம் நீட்டினேன்.

"சாப்பிடு தம்பி. இனிமேலாவது பெரியவங்க பேச்சைக் கேளு."

தலை நிமிராமல் தின்றான். அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது குறைந்தது.

விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், கேட்டதால் சொன்னேன். அந்தக் குழந்தைக்காக என்னைவிட அதிகமாக அழுதவர் இந்த ஊரில் யாருமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி அம்மா: முறைப்படி அன்று அந்தக் காதை அவளுக்கே அவன் கொடுத்திருந்தால், அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.