பெட்டியிலேயே தங்கிவிட்ட தாள்

என் பெயர் ரீபா. வயது 36. கணவர் பெயர் ஜோஷுவா. தச்சநல்லூரில் வாடகை வீட்டில் குடியிருந்து, தனியார் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எனக்குப் பதினெட்டு வயது முதல் வலிப்பு நோய் உண்டு. அதற்கான வால்ப்ரோயேட் மாத்திரையை எங்கள் தெருமுனையில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கும் திருஞானசம்பந்தம் என்பவரிடம் வாங்குவேன். அவர் அட்டையைக் கத்திரியால் வெட்டி, கேட்ட அளவு கொடுப்பார். மாத்திரையோடு வரும் எச்சரிக்கைத் தாள் கடையில் பெட்டியிலேயே தங்கிவிடும். என் மகன் பெனோ வயிற்றிலிருந்த மாதங்களிலும் அப்படித்தான் வாங்கிச் சாப்பிட்டேன். எழுதிக் கொடுத்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. பெனோவுக்கு இப்போது வயது எட்டு. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வராது. அந்த மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பதைச் சென்ற ஆண்டு வேறொரு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன் பிறகு நானே தமிழில் நோட்டீஸ் அடித்து, அதை மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும்படி மேற்படி கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேற்று காலை பத்தரை மணிக்கு நான் கடையில் நின்றபோது, பக்கத்துத் தெரு மாதுரி, திருமணமாகி நான்கு மாதம் ஆனவள், அதே மாத்திரையில் அரை அட்டை வாங்கினாள். அவளிடம் ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். கடைக்காரர் அதைப் பிடுங்கிக் கிழித்து, "பிள்ளையப் பயங்காட்டுதிய டீச்சர். இதப் படிச்சிட்டு மாத்திரைய நிறுத்தி, எங்கனயாவது விழுந்து கெடந்தா யாரு பொறுப்பு?" என்றார்.

"நிறுத்தாதேன்னுதான அண்ணாச்சி மொத வரியே. வாசிச்சியளா?" என்று கேட்டேன். அவர் வாசித்திருக்கவில்லை. எனக்குக் கடும் கோபம் வந்தது உண்மை. அதன் பிறகு வீட்டுக்குப் போய் மைதாப் பசை காய்ச்சி வந்து, அவர் கடைக் கண்ணாடிக் கதவில் பதினோரு நோட்டீஸ் ஒட்டியதும் உண்மை. கண்ணாடியை உடைக்கவில்லை. கடைக்காரர் புகார் சொல்லி வந்த காவலர்கள் மீதி நோட்டீஸ்களைக் கைப்பற்றி, இந்த வாக்குமூலம் கொடுக்க என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

இதுவரை எழுதியதை ஏட்டு வாசித்துக் காட்டினார். பசை காய்ச்சியதுகூட இருந்தது, நோட்டீஸில் இருந்த வாசகம் இல்லை. கேட்டதற்கு, "அது கேசுக்குத் தேவையில்லம்மா" என்றார். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு சேர்த்து எழுதப்பட்டது பின்வருமாறு:

"வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கருத்தரிக்கும் முன்பே, கருத்தரித்திருந்தால் உடனே, டாக்டரிடம் மாற்று மருந்து பற்றிக் கேட்கவும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கலாம். பிள்ளை வளர வளரத்தான் அது தெரியவரும்."

மறுபடி முழுவதையும் வாசிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடி உள்ளது. இந்த முறை எதுவும் விடுபடவில்லை.

(ஒப்பம்) ரீபா