பதினான்காம் எண் ட்ரெய்லரின் எர்த் கம்பி

சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீடுகளை வரிசையாக நிறுத்திக் குடியிருக்கும் எங்கள் பார்க்கில் யாருடைய ட்ரெய்லரிலாவது விளக்கு மங்கினால் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். பேட்டரி பாவம். பெரும்பாலும் கோளாறு ஒரு திருகில்தான் இருக்கும். வண்டியின் இரும்புச் சட்டத்தோடு எர்த் கம்பி சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முறுக்கினால் விளக்கு பழையபடி எரியும்.

ஒன்பது குளிர்காலமாக அரிசோனா பாலைவனத்தில் இந்த வேலையைச் செய்துகொடுக்கிறேன். பனிக்குப் பயந்து மினசோட்டாவிலிருந்தும் டகோட்டாவிலிருந்தும் வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வயரிங் தெரியாது. நான் அதற்கு முன் முப்பத்தொரு வருடம் தாமிரச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். உங்கள் போலீஸ் அறிக்கையில் ‘பழுது பார்த்தவரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் நானே கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தேன். இந்த ஹார்லன் டீக் கவனக்குறைவாக வேலை செய்தான் என்று யாரும் சொன்னதில்லை.

நடீன் இருபத்திரண்டு வருடம் என் மனைவி. நான்கு வருடத்துக்கு முன் என்னுடைய பதின்மூன்றாம் எண்ணிலிருந்து கோர்டியின் பதினான்காம் எண்ணுக்குப் போய்விட்டாள். பக்கத்து இடம்தான், முப்பது அடி. பாத்திரங்களை நான்கு நடையாக எடுத்துப் போனாள். ஒரு நடையில் இரண்டு கையும் நிறைந்திருந்ததால் நான்தான் கதவைத் திறந்து பிடித்தேன். அதன் பிறகு வேறு பார்க்குக்கு மாறிப்போ என்று பலர் சொன்னார்கள். நான் ஏன் மாற வேண்டும்?

கோர்டி படகு இன்ஜின் விற்றுக்கொண்டிருந்தவன். பெரிய குரல். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் நடீன் என் வாசலில் வந்து நின்றாள்.

“ஹார்லன், எங்க கதவு கடிக்குது.”

“எப்படிக் கடிக்குது?”

“கீழ நின்னுக்கிட்டு கைப்பிடியத் தொட்டா முழங்கை வரைக்கும் சுள்ளுனு ஏறுது. கோர்டி எல்லாம் உன் பிரமைங்கறான்.”

மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வெந்நீர் ஹீட்டருக்குள் சூடேறும் கம்பிச் சுருள், ‘காயில்’ என்பார்கள், அது வெடித்து, வண்டியின் தகர உடம்பில் மின்சாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படி இறங்கினால் எர்த் கம்பி அதை வாங்கிக்கொண்டு போகும். வெளிப் பெட்டியில் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். இங்கே விழவில்லை. பிளக்கை உருவிப் பார்த்தால் எர்த் முள்ளைக் காணோம்.

“இத யாரு ஒடிச்சது?” என்றேன்.

“நான்தான்,” என்றான் கோர்டி. “சும்மா சும்மா கரண்ட் போய்க்கிட்டே இருந்துச்சு. குறடால ஒரு நெம்பு. அப்புறம் போகவே இல்ல பாத்தியா?”

புதுப் பிளக் மாட்டினேன். ஹீட்டரின் வயர்களைக் கழற்றி டேப் சுற்றினேன். புதுக் காயில் வரும்வரை கேஸில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளச் சொன்னேன். நல்ல வேலை. அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொந்தரவு இருந்திருக்காது.

சனிக்கிழமை பார்க்கில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். அன்று பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட மிளகாய்க் குழம்பும் சோள ரொட்டியும். கோர்டி எழுந்து நடித்துக் காட்டினான். என்னைப்போல் மண்டியிட்டு, நாற்காலியின் காலில் காதை வைத்துக்கொண்டான்.

“நம்ம டாக்டரு என் வண்டிக்கு நாடி பாத்தாரு. ஒரு மணி நேரம். கடைசில, ஒரு வாரம் வெந்நி ஆகாது, பத்தியமா இருன்னுட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நடீன் சிரித்தபடியே அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, “ஒரு பல்ப மாத்தறதுக்கு மூணு தடவ மீட்டர் வைப்பான். இருபத்திரண்டு வருஷம் பாத்திருக்கேன்,” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுக் காயில் தபாலில் வந்தது. புதன்கிழமை மதியம் வேலையைச் செய்தேன். புதுக் காயிலை மாட்டவில்லை. பெட்டி பிரிக்காமல் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். பழைய காயிலுக்கே திரும்ப வயர் கொடுத்தேன். பிறகு நானே மாட்டிய பிளக்கைத் திறந்து, எர்த் கம்பியைத் திருகிலிருந்து விடுவித்து, மடித்து உள்ளே வைத்து மூடினேன். மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு, கைப்பிடிக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். நூற்றுப் பதினெட்டு வோல்ட். மூன்று தடவை பார்த்தேன். ஹீட்டரை அணைத்தேன்.

ஜன்னலில் நடீன் தலை தெரிந்தது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ராத்திரி தண்ணி ரொம்பட்டும். காலைல ஹீட்டரப் போட்டுக்கோ.”

“இனிமே கடிக்காதுல்ல?”

“கடிக்காது.”

மாவுக்குள் பீச் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றில் பாதியை வெட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். அவள் கைப்பக்குவம் மாறவில்லை.

ஒரு விஷயத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை காலையில் தன் பிக்கப் வண்டியைக் கழுவுகிறவன் கோர்டி. வெறுங்காலோடு கழுவுவான். கழுவி முடித்து, ஈரக் காலோடு ட்ரெய்லர் கதவைத் திறந்து உள்ளே போவான். பார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். நான் செய்தது அவனுக்காக. நடீன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அன்று அவனுக்கு எழுந்திருக்கச் சோம்பல். நடீன் ஹீட்டரைப் போட்டுவிட்டு இறங்கி வந்து, செருப்பை ஓரமாக விட்டு, குழாயைப் பிடித்தாள். நான் என் வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். “அவன் கழுவட்டுமே,” என்று சொன்னேன். நான் சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். “தூங்கட்டும் விடு,” என்றாள் அவள்.

கழுவி முடித்து ட்ரெய்லர் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். கத்தவில்லை. கத்த முடியாது, தசை இறுகிவிடும், விரல் விடாது. குழாய் கீழே விழுந்து அவள் காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது.

பிரேக்கர் பெட்டி எங்கள் இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. என் நாற்காலியிலிருந்து நான்கு எட்டு வைத்தால் போதும். ஏன் போய் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவள் விழும் சத்தம் கேட்டோ, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டோ கோர்டி எப்படியும் வெளியே வருவான், இறங்கி அவளைப் பிடித்து இழுப்பான் என்று நினைத்தேன். அணைத்துவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது; செய்த வேலை வீணாகிவிடும். அதனால் காத்திருந்தேன். அவன் வரவில்லை. உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நடீன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். கடைசிவரை என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எழுந்து வருவேன் என்று நம்புகிறவளைப்போல.