நன்றிக்கு முன் வோல்ட்டேஜைச் சொன்ன எகுவா அமிசா அம்மையாருக்கு

கடலலைபோல் ஓயாத கடமைச் செல்வியே! கோப்புக்குள் புதைந்த கோரிக்கைகளுக்கு உயிரூட்டிய கோமகளே! எட்டு மணிக் கூட்டத்துக்கு எட்டு மணிக்கே வந்து, ஒன்பதே காலுக்கு வந்த எங்களை ஒரே பார்வையால் ஒடுக்கிய ஒழுங்கின் உருவே! வணக்கம், நன்றி!

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்கத் துணையும் நிதியும் தேடித் தரும் நம் அறக்கட்டளையின் கேப் கோஸ்ட் அலுவலகத்தில், இன்று ஓய்வு பெறும் நீங்கள் இருபத்தாறு ஆண்டுகள் தொடர்பு அலுவலராக ஆற்றிய அரும்பணி முழுவதையும் பாடவே விரும்பினோம். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் மடலை மாட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது என்று இயக்குநர் சொல்லிவிட்டதால் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டோம்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் திறந்த நாள் அது. அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து கப்பலேறி வந்த பன்னிரண்டு கருவிகளும் நூற்றுப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்தவை. நம் மின்சாரமோ இருநூற்று முப்பது. முந்தைய வாரம் ஒன்றைச் செருகியதில் கிளம்பிய புகை, பக்கத்து வகுப்பின் தேர்வையே நிறுத்தியது. மற்ற பதினொன்று ஓடாவிட்டால் பத்தொன்பது மாணவர்களுக்கு அந்த ஆண்டு பட்டமில்லை.

இதோ, முன்வரிசையில் புன்னகை பூத்து வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய இயக்குநர் டாக்டர் அக்கோன் அவர்கள் அன்று உங்களிடம் உதிர்த்த பொன்மொழிகள் எங்கள் காதில் இன்னும் ஒலிக்கின்றன.

“எகுவாம்மா, ரிப்பனைக் கட்டிடுவோம். பசங்க வெள்ளைக் கோட்டு போட்டுப் பக்கத்துல நிக்கட்டும். யாரு ஸ்விட்சப் போடச் சொல்லப் போறாங்க?”

“சொல்லிட்டாங்கன்னா?”

“கரண்ட் போயிடுச்சுன்னுடலாம்.”

“தலைக்கு மேல ஃபேன் சுத்துதே, டாக்டர்!”

“அதையும் நிறுத்தச் சொல்றேன். அடுத்த மூணு வருஷ நிதி அவங்க கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க.”

ஃபேன் நின்றது. மினசோட்டாவிலிருந்து வந்த விருந்தினர் ஹால்வர்சன் நாற்பது நிமிடம் கூட்டுறவின் மாண்பு பேசி, வியர்த்து வழிந்து, ரிப்பனை வெட்டிய வேகத்தில் ஸ்விட்சுக்கே கை நீட்டினார். நீங்கள் குறுக்கே பாய்ந்தீர்கள்.

“தொடாதீங்க சார், புகைஞ்சிரும்! இது உங்க ஊரு வோல்ட்டேஜ். கரண்டெல்லாம் இருக்கு, ஃபேனை நாங்கதான் நிறுத்தினோம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேடம்?”

“கருவியெல்லாம் கப்பலேறுறதுக்கு முன்னாடியே மூணு லெட்டர் போட்டேன். மூணுக்கும் ‘உங்கள் நன்றிக்கு நன்றி’ன்னுதான் பதில் வந்துச்சு.”

உண்மைதான். நீங்கள் எழுதிய ஒற்றை வரிக்கு முன்னால், மரியாதை கருதி, இரண்டு பக்க நன்றியையும் குடும்ப நல விசாரிப்பையும் நாங்கள்தான் சேர்த்திருந்தோம். மூன்றாம் பக்கம்வரை யாரும் வரவில்லை.

இயக்குநர் முகம் கருவிகளைவிடக் குளிர்ந்து கிடந்தது. ஹால்வர்சன் டையைத் தளர்த்தினார். “முதல்ல ஃபேனைப் போடுங்க” என்றார். ஆறு வாரத்தில் வோல்ட்டேஜைக் குறைக்கும் பெட்டிகள் வந்தன; நிதியும் நிற்கவில்லை. பத்தொன்பது பேரும் பட்டம் பெற்றார்கள். இவ்விழாவில் நாம் பருகும் தண்ணீரைச் சோதித்தவர் அவர்களில் ஒருவர்.

அன்றுமுதல் நீங்கள் வகுத்த விதி: முதல் வரியில் விஷயம், கடைசி வரியில் நன்றி. இம்மடலில் அதை மீறினோம், பொறுத்தருளுங்கள் அம்மா! உங்களுக்குரிய நன்றியைக் கடைசி வரிக்குத் தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

கென்கி என்னும் நம் சோள உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் அரைக்க மினசோட்டா நண்பர்கள் உங்களுக்கு ஒரு மிக்ஸி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முன்பே அவர்கள் கடிதம் வந்தது. அதன் முதல் வரி: “எகுவா அம்மையார் வீட்டில் எத்தனை வோல்ட்?”

அந்த மிக்ஸி ஓடும் காலமெல்லாம், அது ஓய்ந்த பின்னும் நெடுங்காலம், நோயின்றி வாழ்க!

குறித்த நேரத்துக்கு இன்று மட்டும் வந்திருக்கும்,
கேப் கோஸ்ட் அலுவலகத்தார்