தோன்றா எழுவாய்

'மிகவும்' என்ற சொல்லை என் வகுப்பில் யாரும் எழுதக் கூடாது. 'அழகான', 'இனிமையான', 'கண்கொள்ளாக் காட்சி' ஆகியவையும் கூடாது. அம்பத்தூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழாசிரியராக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் பட்டியலைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். பிள்ளைகள் முதலில் திண்டாடுவார்கள். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்குவார்கள். மழை பெய்தது என்று எழுதியவன், தூறியதா, கொட்டியதா, நசநசத்ததா என்று யோசிப்பான். அது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1986இல் ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் என்றொரு மாணவன் இருந்தான். அவன் அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். 'என் தந்தையின் தொழில்' என்ற கட்டுரையில் அவன் எழுதியிருந்தான்: 'இரும்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு விழும். விழும்போது வெள்ளை, தரையில் கிடக்கும்போது நீலம்.' அன்று நான் மற்ற நோட்டுகளைத் திருத்தவில்லை. இத்தனை வருடத்தில் எழுதத் தெரிந்தவனாக எனக்குக் கிடைத்த ஒரே பையன் அவன்தான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவனிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். மற்றவர்கள் எழுதினால் விட்டுவிடுகிற சொல்லை அவனிடம் விடமாட்டேன்.

அடுத்த ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை, பதினொரு மாணவர்களைத் திருநின்றவூர் ஏரிக்கு அழைத்துப் போனேன். ஏரியைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். துணைக்குப் பள்ளியின் பியூன் நாகப்பனை அழைத்துப் போகச் சொல்லித் தலைமையாசிரியர் அனுமதி தந்தார். நாகப்பன் அந்தப் பக்கத்துக்காரர். கரையில் ஏறியதுமே சொன்னார்.

"சார், புள்ளைங்கள தண்ணில எறக்காதீங்க. சவுடு மண்ணு அள்ன பள்ளம் கீது. மேலாக்க பாத்தா தெரியாது."

சரி என்றேன். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று சொல்லி, ரயில்வே கேட் பக்கம் போய் பன் வாங்கி வரும்படி அவரை அனுப்பினேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாஸ்கல் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். 'ஏரித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது' என்று இருந்தது. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"ஜில்லென்று ஐஸ் வண்டிக்காரனும்தான் சொல்கிறான். உன் சொல் எங்கே? இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுது."

அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். முழங்கால் வரை போய் நின்று யோசித்தான். "முட்டிய யாரோ புடிச்சி அமுக்கினு கீற மாதிரி கீது ஐயா" என்றான்.

அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "இடுப்பு வரை போ. அங்கே வேறு மாதிரி இருக்கும்" என்றேன்.

"நாகப்பண்ணன் வேணான்னாரு ஐயா."

"உனக்குத் தமிழ் ஐயா நாகப்பனா, நானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பாஸ்கலும் சிரித்துக்கொண்டே போனான். நாலைந்து அடி வைத்திருப்பான், தலை உள்ளே போனது. திரும்ப வந்தது. ஒரு கை மட்டும் மேலே நின்றது. வகுப்பில் விடை தெரிந்தவன் கையை உயர்த்துவது போல உயர்த்தியிருந்தான். சொல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

அப்புறம்தான் அருள்செல்வி என்ற மாணவி கத்தினாள். கை கீழே போயிருந்தது. பன் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்த நாகப்பன் அதைப் போட்டுவிட்டு, ஓடிவந்து அப்படியே குதித்தார். நாலு முறை மூழ்கி எழுந்து, ஐந்தாவது முறை பாஸ்கலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையில் போட்டு வயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தார். வேண்டாம் நாகப்பன், போதும் என்று நான்தான் அவர் தோளைத் தொட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். போலீஸும் கல்வி அலுவலகமும் கேட்கும், பத்துப் பிள்ளைகளும் பார்த்ததை எழுதித் தரட்டும், பிழையில்லாமல் இருக்கும்படி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதியிருந்தார்கள். 'ஐயா பாஸ்கலைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார். ஐயா நாகப்பண்ணனைப் பன் வாங்க அனுப்பினார்.' நான் சிவப்பு மையில் திருத்தினேன். 'பாஸ்கல் நீரில் இறங்கினான். நாகப்பன் கடைக்குச் சென்றிருந்தார்.' இரண்டும் உண்மை. பாஸ்கல் இறங்கினான், நாகப்பன் கடைக்குத்தான் போயிருந்தார். பொய்யாக ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. செய்தவர் பெயரைச் சொல்லாமலே தமிழில் வாக்கியம் நிற்கும், அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர், தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும் என்று அன்றைக்கே விளக்கினேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

அருள்செல்வி மட்டும் எழுந்து நின்றாள். "அவன் சும்மா எறங்கல ஐயா. நீங்கதான போய் பாத்துகினு வான்னீங்க."

"சொன்னேன். ஆனால் அது வேண்டாத சொல். மறுபடி எழுது."

மறுபடியும் 'ஐயா சொன்னார்' என்றே எழுதினாள். ஐந்து முறை எழுத வைத்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளை உட்காரவைத்து, நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது முறை சரியாக எழுதினாள். கையெழுத்து அவளுடையது போலவே இல்லை. பழக்கதோஷத்தில் அடியில் 'நன்று' என்று எழுதிவிட்டேன். பிறகு வேறு தாளில் அதைப் பெயர்த்து எழுதச் சொன்னேன்.

காவலுக்கு வந்தவர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனதாக முடிவு கட்டி, நிர்வாகம் நாகப்பனை வேலையிலிருந்து நீக்கியது. அவர் ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசையருகே நின்றார்.

"நீங்கதான சார் அனுப்சீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க சார், போதும்."

"பார்க்கலாம் நாகப்பன்" என்றேன். என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் ஞாபகப்படுத்தினார். பிறகு ஆவடியில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு திருவள்ளூருக்குப் போக வேண்டியிருந்தால் நான் ரயிலில் போவதில்லை. பேருந்தில் பூந்தமல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். ரயிலில் போனால் திருநின்றவூரில் அந்த ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும்.

போன மாதம் அருள்செல்வி வீட்டுக்கு வந்தாள். திருமணமாகி நசரத்பேட்டையில் இருக்கிறாள், ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. தனியாக வரவில்லை. நாகப்பனின் மனைவி பொன்னியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். நாகப்பன் இறந்து ஒரு வருடம் ஆகிறதாம்.

பொன்னியம்மா உட்காரவில்லை. "புள்ளைய சாவவுட்டவன்னு ஊர்ல சொல்றாங்க நைனா. அது செத்தப்பகூட சொன்னாங்க. நீ எழுதிக்குடுத்தா நான் நாலு பேராண்ட காட்டுவேன்" என்றாள்.

அருள்செல்வி என்னைப் பார்த்து, "நான் மொதல்ல எழுதுனதுதான ஐயா சரி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வந்ததிலிருந்து அவள் நான் கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை.

அதனால் எழுதுகிறேன். பாஸ்கலை ஏரியில் இறங்கச் சொன்னது நான். பள்ளம் இருப்பது தெரிந்தும் இடுப்பு வரை போகச் சொன்னது நான். நாகப்பனை அப்பால் அனுப்பியது நான். அவர் அங்கே இருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடமாட்டார் என்பதால்தான் அனுப்பினேன். விசாரணைக்கு வந்த அதிகாரி, உங்களுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் வைகைக் கரையில் பிறந்தவன், ஏழு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டேன். அந்தக் கை தெரிந்தபோது எனக்கும் அதற்கும் நடுவே பத்தடிதான் இருந்தது. அது கீழே போன பிறகும் நான் நின்றேன். குதித்தால், அவனை அனுப்பியவன் நான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அப்படி ஒரு கணக்கு அவ்வளவு வேகமாக ஒரு மனிதனுக்குள் ஓடும் என்று நான் அதுவரை அறிந்ததில்லை.

கையெழுத்தும் போட்டுவிட்டேன். இந்த மே முப்பத்தொன்றில் ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவுக்குப் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், நல்ல தமிழ் எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்து ஜூன் முதல் வாரத்தில் இதைக் கொடுத்துவிடலாம். பொன்னியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். ஜூன் வரை இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எப்படியும் இதை இப்படியே கொடுக்க முடியாது, ஒன்றிரண்டு சொற்கள் இன்னும் சரியாக அமையவில்லை.