கூப்பிட ஆள் வரும் வரை

தில்லை நகரின் இந்த மாலைக்கு மணம் சேர்த்து, மேடையின் நடுவே மேன்மையோடு வீற்றிருக்கும் கூட்டத் தலைவர் சபாபதி ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! குறிஞ்சிப்பாடியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தும் நெற்றிப் பொட்டு கலையாத குழுத் தலைவிகளே! பரங்கிப்பேட்டையின் உப்புக் காற்றோடு பாசத்தையும் சுமந்து வந்திருக்கும் என் சகோதரிகளே! மடியில் ஒரு பிள்ளையும் பக்கத்தில் ஒரு பிள்ளையுமாக, ஒரு காது பிள்ளைக்கும் ஒரு காது எனக்கும் கொடுத்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! பெண்டாட்டியை இறக்கி விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்து, போகவும் மனமில்லாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமன்மார்களே, மச்சான்மார்களே! உங்கள் எல்லோருக்கும், மகளிர் குழுக் கூட்டமைப்பின் துணைத் தலைவி ஞானாம்பாள் கைகூப்பி, தலை தாழ்த்தி, நெஞ்சு நிறைந்து வணக்கம் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பை இப்படிப்பட்ட மேடைகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து படித்தேன். ஆகையால் என் பேச்சில் பிழை இருந்தால், அது நான் கேட்ட பேச்சாளர்களின் பிழை.

கை தட்டாதீர்கள், நேரம் போகிறது. தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கேள்வி என்ன? சாமியார்பேட்டைக் கடற்கரையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே, நாம் நடத்துகிறோமே இயற்கை நலவாழ்வு முகாம், அது இந்த ஆண்டு எத்தனை நாள்? இதுதான் கேள்வி. மூன்று நாள் போதும் என்று தலைவர் தீர்மானம் எழுதிக் கையில் வைத்திருக்கிறார். நான் பேசி முடித்ததும் உங்களைக் கை தூக்கச் சொல்வார். தூக்குவதற்கு முன்னால், சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள். கேட்ட பிறகு தூக்குங்கள், தூக்காமல் இருங்கள், உங்கள் விருப்பம்.

சென்ற ஆண்டும் இதே கேள்வி. சின்னக் கூட்டம்தான், ஆனால் பெரிய சத்தம். ஒருத்தி ஒரு நாள் என்றாள். ஒருத்தி இரண்டு நாள் என்றாள். முகாமை நடத்த வந்த டாக்டர் எழிலரசி எழுந்து நின்றாள். இயற்கை மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவள். என் மகன் பெற்ற பேத்தி. அதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை; ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள்: "மொதல் மூணு நாளு உடம்பு பழசையே கேக்கும். காபி கேக்கும், தல வலிக்கும், சண்ட போடும். அதுக்கப்புறம்தான் தூங்கவே ஆரம்பிக்கும். பத்து நாளாவது இருந்தாத்தான் நான் எதாச்சும் செய்ய முடியும்."

பத்து நாளா! கூடமே அதிர்ந்தது. மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது? பிள்ளைக்கு யார் தலை சீவுவது? கலர் டிவியில் தொடர் என்னாவது? அப்போது பரங்கிப்பேட்டை ஜொஹரா பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். "எங்க மாப்புள ரெண்டு வருஷம்னு கெளம்புறாங்க. அதுக்கு யாரும் கூட்டம் போடல. ஏர்போர்ட்டுக்கு வேன் வச்சிப் போயி கையாட்டிட்டு வந்தோம். நான் பத்து நாளு இந்தா இருக்கிற கடலுக்குப் போறதுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்றார்.

கேட்டீர்களா கேள்வியை? பதில் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பந்தல் கால் பக்கம் சத்தத்தையே காணோமே!

அங்கேதான் அமராவதி வருகிறாள். அதோ நடுவில், பச்சைச் சேலையில் முகத்தை மறைத்துக்கொள்கிறாளே, அவளேதான். திருவதிகைப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. காலை முதல் மாலை வரை குந்திய கோலம். கொட்டைப் பால் பட்டுக் கருகிய கைகள். எழுந்தால் முனகும் முழங்கால்கள். எழும்போது சுவரைப் பிடிப்பாள், சுவர் இல்லாவிட்டால் ஆளைப் பிடிப்பாள், ஆளும் இல்லாவிட்டால் எழவே மாட்டாள். இப்படியே விட்டால் நடையே நின்றுவிடும் என்று எழிலரசி அவளிடம் சொல்லியிருந்தாள். அந்த அமராவதி கூட்டத்தில் கேட்டாள்:

"தாய் வூட்டுக்குப் போறோம். எத்தினி நாளுன்னு எழுதி வச்சிட்டா போறோம்? வூட்டுலேர்ந்து கூப்புட ஆளு வந்தா கெளம்புறோம். இதையும் அப்படி வச்சிக்கிட்டா இன்னா?"

அடடா! முறை தெரிந்த பேச்சு! தாய் வீடு போன பெண் தானாகத் திரும்பி வருவதுண்டா? அழைக்க ஆள் வர வேண்டாமா? வந்த ஆளுக்கு வாசலில் தண்ணீர், வாய்க்கு விருந்து என்று நடக்க வேண்டாமா? உடனே முடிவு செய்தோம். நாள் கணக்கு இல்லை. வீட்டிலிருந்து நேரில் வந்து அழைக்க வேண்டும். போனில் அழைத்தால் செல்லாது. நாங்கள் என்ன நினைத்தோம்? இரண்டாம் நாளே எல்லா வீட்டிலிருந்தும் ஓடி வந்துவிடுவார்கள் என்று நினைத்தோம்.

அமராவதியின் வீட்டுக்காரர் அய்யனார். மினி லாரியில் பலாப்பழம் ஏற்றி வியாபாரம் செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் வீம்பு இருக்கிறதே, அதை ஏற்ற அந்த லாரி போதாது! பெண்டாட்டி முகாமுக்குக் கிளம்பியபோது கேட்டாராம்: "மாசி மகத்துக்கு சாமியே கடலுக்குப் போவுது. குளிச்சிட்டு அன்னிக்கே திரும்பிடுது. ஒனக்கு மட்டும் இன்னாடி அத்தினி நாளு?"

அதற்கு அமராவதி சொன்னாளாம்: "சாமிய நாலு பேரு தூக்கிக்கினு போறாங்க, நாலு பேரு தூக்கிக்கினு வராங்க. என்னை யாரு மாமா தூக்குறது?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அய்யனார் சிரிக்கவில்லை. "போ. கூப்புட மட்டும் நான் வர மாட்டன். தானா வருவ பாரு" என்று சொல்லிவிட்டார்.

போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிய கூடம், சுற்றிலும் சவுக்கு, எதிரே அலை. எழிலரசி எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மண்பானையில் போட்டு மூடினாள். காலையில் கடலோர நடை. வயிற்றில் ஈரமண் பற்று. முட்டிக்கு எண்ணெய், பிறகு வெந்நீர் ஒத்தடம். குடிக்க வெண்பூசணிச் சாறு, கொறிக்க முளைகட்டிய பயறு. முதல் இரண்டு நாள் நாங்கள் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்! ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு எரிச்சல், பானைக்குள்ளே போன்கள் ஒன்று மாற்றி ஒன்று பாட்டுப் பாடுகின்றன. எனக்குக் காபி கனவில் வந்து கை நீட்டியது. மூன்றாம் நாள் முடிந்தபோது நாங்கள் எப்படி இருந்தோம் தெரியுமா? போனதை விட மோசமாக இருந்தோம்! தலைவர் அவர்களே, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று நாள் அந்த இடத்தில்தான் முடிகிறது. காபிக்கும் கஷ்டத்துக்கும் மட்டுமே நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்; தூக்கத்துக்கு நாள் எங்கே?

சரி, கூப்பிட ஆட்கள் வந்தார்களா? சில பேர் வந்தார்கள். பல பேர் வரவில்லை. ஏன்? மாமியார் வீட்டுக்கு அழைக்கப் போனால் கோழிக் குழம்பு கிடைக்கும். இங்கே வந்தால் வெண்பூசணிச் சாறு! முதலில் வந்த மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள் என் பேத்தி. அவர் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆண்கள் கூட்டம் அடங்கிவிட்டது.

அமராவதிக்கோ உள்ளுக்குள் பயம். பானை பாடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். "ஆயா, அவுரு வந்து 'கெளம்பு'ன்னா ஒடனே கெளம்பணும். இப்பத்தான் முட்டி வலி கொஞ்சம் எறங்குது" என்பாள். அய்யனார் வரவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் யார்? அவருடைய அம்மா சின்னம்மாள்! மருமகளை அழைத்து வரச் சொல்லி மகன் அனுப்பியிருக்கிறார். வீம்பும் விடவில்லை, பசியும் விடவில்லை. பாவம், வயதான அம்மா வைத்த ரசத்தையே குடித்து எத்தனை வேளை தாங்குவார்?

அமராவதி முகம் வாடிவிட்டது. பையை எடுத்து வைக்கப் போய்விட்டாள். வந்த பெரியம்மாவோ "இன்னா பண்றாங்க இங்க?" என்று சுற்றிப் பார்த்தார். எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, எண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து மெல்ல மெல்லப் பிடித்துவிட்டாள். பெரியம்மா கண்ணை மூடினார். மூடியவர் மாலையில்தான் திறந்தார்! எழுந்ததும் கேட்டார்: "ஏண்டி அமராவதி, பையத் தூக்கிக்கினு எங்க கெளம்பிட்ட? வந்தது வந்துட்டன், நானும் நாலு நாளு இருந்துட்டுப் போறன்."

ஆக, அழைக்க வந்த ஆளையும் இனி அழைக்க ஆள் வேண்டும்! மருமகள் போன வீட்டிலிருந்து மாமியாரும் போனால் மகன் என்ன செய்வார்? யாரை அனுப்புவார்? இனி அனுப்ப ஆளே இல்லை.

வந்தார் அய்யனார். அவரே வந்தார். சலவைச் சட்டை, கையில் பூப்பொட்டலம், கக்கத்தில் பலகாரப் பை. பையைப் படியிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள் டாக்டர். கோபம் குறையாமல் ஜொஹரா பீவியிடம் கேட்டார்:

"அமராவதி எங்கம்மா?"

"அதோ அலையோரமா சிரிச்சிக்கிட்டு வருதே, அதுதான்."

"அதுவா அமராவதி?"

"நல்லாருக்கே! ஒங்க பொஞ்சாதிய நீங்கதாம்ப்பா எங்களுக்கு அடையாளம் சொல்லணும்!"

என் அருமைத் தாய்மார்களே! அவள் வந்துகொண்டிருந்தாள். சுவரில்லை, பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஈர மணலில், மாமியாரை முந்திக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அலை வந்தால் விலகி, அலை போனால் துரத்தி, சிரித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான நாள் முதல் அவளைக் குந்திய கோலத்திலேயே பார்த்த மனிதர் அவர். அங்கிருந்தே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். "கெளம்பு" என்று சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

கிட்டே போனார். பூவைக் கொடுத்தார். கேட்டார்:

"எப்ப வர்ற?"

கேட்டார், அம்மா! 'வா' என்று சொல்லவில்லை, 'எப்ப வர்ற' என்று கேட்டார்! அமராவதி டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பெரியம்மா அதட்டினார்: "என்னை ஏண்டி பாக்குற? ஒன்னத்தான கேக்குறான்!" கடலைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"இன்னும் மூணு நாளு இருந்துட்டு வரன் மாமா."

"சரி" என்றார் அய்யனார். ஒரே சொல். அப்புறம் மணலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு முழுவதும் குடித்தார். அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். அவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்.

தலைவர் அவர்களே! அமராவதி சொன்னதும் மூன்று நாள், உங்கள் தீர்மானத்தில் இருப்பதும் மூன்று நாள். ஆனால் அது அவள் வாயால் வந்த மூன்று நாள்! மாட்டுக்கு இத்தனை நாள், மாமனுக்கு இத்தனை நாள், முந்திரிக்கு இத்தனை நாள் என்று பங்கு வைத்தவள், தனக்கென்று வாய் திறந்து கேட்ட முதல் மூன்று நாள்! இன்று அவள் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து கொட்டை உடைக்கிறாள். காலையில் கோவிலைச் சுற்றி வருகிறாள், யாரையும் பிடிக்காமல்.

ஆகையால் மூன்று என்று எழுதாதீர்கள். பத்து என்றும் எழுதாதீர்கள். உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று டாக்டர் சொல்லட்டும். தனக்கு எவ்வளவு முடியும் என்று போகிறவள் சொல்லட்டும். வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, "எப்ப வர்ற?" என்று கேட்கட்டும். உழைத்த உடம்புக்கு ஓய்வை அளக்கும் கோல் ஊரார் கையில் எதற்கு? கமிட்டி கையில் எதற்கு? அது அவள் கையில் இருக்கட்டும்! அவள் கையில் இருக்கட்டும்!

நீ சொல் அம்மா, மூன்றாவது வரிசை, எத்தனை நாள்? ஒரு வாரமா? நல்லது! அங்கே? அஞ்சு நாள், அதற்கு மேல் ஆட்டை மேய்க்க ஆளில்லையா? அஞ்சே சரி, அது நீ சொன்ன கணக்கு. நீ ஏன் அம்மா தலையைக் குனிகிறாய்? யாரும் இதுவரை கேட்டதில்லையா? அவசரமில்லை, யோசித்துச் சொல். நாங்கள் காத்திருக்கிறோம்.

இதோ பாருங்கள், தலைவர் தீர்மானத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறார்! பெரிய மனசு, பெரிய மனசு. இப்போது தட்டுங்கள் கையை!

இன்னும் ஒரு செய்தி. இந்த ஆண்டு ஆண்களுக்கும் முகாம் உண்டு. முதலில் பெயர் கொடுத்தவர் யார் தெரியுமா? ஒளியாதே அய்யனார், பந்தல் கால் உன்னை மறைக்காது! நீ சொல், எத்தனை நாள் இருப்பாய்? என்ன? "அமராவதியைக் கேளுங்க ஆயா"வா? எழுந்திரு அமராவதி. அவர் எத்தனை நாள்?

கேட்டீர்களா அவள் சொன்னதை? மைக் இல்லாமல் சொல்லிவிட்டாள், நான் சொல்கிறேன்: "போவட்டும் ஆயா. நானே நேர்ல போயி கூப்புட்டுக்கறன்."

எப்போது என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள்!

கடிகாரத்தைப் பார்த்தும் மணியடிக்காத தலைவருக்கும், கால் வலித்தும் கலையாத உங்களுக்கும், என் பேத்தி என்று நான் சொன்னபோதெல்லாம் சலித்துக்கொள்ளாத பெரியோர்களுக்கும் நன்றி. அலையும் சவுக்கும் அங்கே காத்திருக்கின்றன, வெண்பூசணியும் வாங்கியாயிற்று. போய் வாருங்கள், பொலிவோடு வாருங்கள், நீங்கள் சொன்ன நாளில் வாருங்கள். வணக்கம்!